வெறுங்காலுக்கு ஒரு பெடல்

கிடார் வாசிப்பவனுக்கு இரண்டு கையும் வேலையாகவே இருக்கும். பாட்டுக்கு நடுவில் ஒலியை மாற்ற மிச்சமிருப்பது கால்தான். என்னிடமோ காலால் மாற்ற ஒன்றுமில்லை. கரகரப்புக்கு ஒரு பெட்டி, எதிரொலிக்கு ஒரு பெட்டி. இரண்டையும் குனிந்து குனிந்து கையால் திருகிக்கொண்டிருந்தேன்.

எங்கள் இன்னிசைக் குழுவை நடத்தியவர் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்க்காரர். நிலபுலன் உள்ள குடும்பம். கீபோர்டு வாசிப்பார். நான் அதே ஊரின் காலனிக்காரன். மேடையில் அந்தப் பேச்சே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன், மடையன்.

“இன்னாடா, நாத்து நடறாப்பல குனிஞ்சிக்கினே இருக்க? ஒரு ஸ்விட்ச் பெடல் வாங்கு. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார் ஒருநாள்.

சுருக்கென்றது. அவர் வயலில் குனிந்து நட்டவர்கள்தான் என் அப்பாவும் அம்மாவும். கிடாரை விட்டால் எனக்கும் அந்தச் சேறுதான். வாயை மூடிக்கொண்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பளபளவென்று ஒரு பெடலை எடுத்துத் தரையில் வைத்தார். கரகரப்புக்கு ஒன்று, எதிரொலிக்கு ஒன்று என்று இரண்டு பொத்தான், இரண்டு சின்ன விளக்கு. “மிதிச்சுப் பாருங்க” என்றார். எப்படி மிதிப்பது? வாத்தியத்தில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கூட்டம் நாங்கள். உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. வாங்கிவிட்டேன்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் திருவிழாக் கச்சேரி. கோயிலுக்கு எதிரே மேடை, செருப்புப் போடக் கூடாது. என் கால் அகலக் கால். ஒரு பொத்தானை மிதித்தால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கியது. காதல் பாட்டுக்கு நடுவில் லாரி பிரேக் போட்ட மாதிரி ஒரு சத்தம், அதற்கு நாலு எதிரொலி வேறு. சனம் விசிலடித்தது. கீபோர்டுக்குப் பின்னாலிருந்து அவர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அப்பப்பா!

மாற்றிக்கொண்டு வர மறுபடியும் மெட்ராஸ். அதற்குள் ஊர்ச் சாதிக்காரர்களின் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்துவிட்டது. உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பெடலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளைகளைத் தாண்டித் தாண்டி நடந்தேன். எவனாவது ‘எந்த ஊரு, எந்தத் தெரு?’ என்று கேட்டால் என்ன சொல்வது என்பதே வழியெல்லாம் யோசனை.

எப்படியோ லாரி பிடித்து மெட்ராஸ் போய்ச் சேர்ந்தேன். இந்தத் தடவை கடையில் செருப்பைக் கழற்றினேன். ஒவ்வொரு பெடலாக ஏறி மிதித்தேன்.

“இன்னா சார், செருப்புக் கடைக்கா வந்துக்கீறீங்க?” என்று சிரித்தார் கடைக்காரர்.

சிரிக்கட்டும். கனமான இரும்புப் பெடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பளபளப்பு கிடையாது. ஆனால் பொத்தான்கள் ஒரு சாண் தள்ளி இருந்தன. மிதித்தால் சொன்னதை மட்டும் செய்தது. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தும் தப்பவில்லை. இனி என்னை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் அடுத்த கச்சேரி. அதற்கு முந்தின நாள் குழுக்காரர் எங்கள் காலனி முனைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஊருல நெலம செரியில்லடா. காலனி ஆளு மேடையேறுனா கல்லு வுடுவோம்னு சொல்லிக்கினு இருக்கானுங்க. விழுப்புரத்துலருந்து ஒரு பையன் வந்து வாசிக்கிறான். நீ பெடல மட்டும் குடு.”

“அது என் காலுக்குன்னு பாத்துப் பாத்து வாங்கினதுங்கண்ணா.”

“மிதிக்கிற பொட்டிதானடா. யாரு கால் வெச்சா இன்னா?”

“யார் கால் வெச்சாலும் ஒண்ணுன்னா, மேடையில என் கால் மட்டும் ஏன் படக் கூடாதுங்கண்ணா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் வண்டியை உதைத்தார். “கோச்சிக்காத, நெலம செரியாவட்டும்” என்று சொல்லிவிட்டு, பெடல் இல்லாமலே போனார்.

நிலைமை சரியாயிற்று. மரங்களை அப்புறப்படுத்தினார்கள், பஸ் ஓடியது, கச்சேரிகளும் நடந்தன. விழுப்புரத்துப் பையன்தான் வாசித்தான்.