மாமன் சீருக்கு வந்த டூ-இன்-ஒன்

அத்தை புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது, சீராகக் கொடுத்த பீரோ வரவில்லை, கட்டில் வரவில்லை, அண்டா குண்டா எதுவும் வரவில்லை. ஒரு சூட்கேசும் ஒரு பழைய டூ-இன்-ஒன்னும்தான் ஆட்டோவிலிருந்து இறங்கின. எங்கள் தெரு அதைப் பற்றிப் பல மாதம் பேசியது. நகையை விட்டுவிட்டுப் பாட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தவள் என்ன லட்சணத்தில் குடும்பம் நடத்தியிருப்பாள் என்பது தெருவின் வாதம். எனக்கு அந்த வாதம் பிடிபடவில்லை. அந்த வயதில் என்னை எந்த வீட்டிலிருந்து துரத்தியிருந்தாலும் நானும் அந்தப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரம் சானடோரியத்தில் ஏதோ ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில், ஏற்கெனவே யாரோ பாடவைத்துச் சலித்த செட்டை வாங்கியிருந்தாள். வெள்ளி நிறம், இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஸ்பீக்கர், நடுவில் கேசட் போடும் மூடி, மேலே கைப்பிடி, இழுத்தால் கூரையைத் தொடும் ஏரியல். கரண்ட் இல்லாமல் பாட வேண்டுமானால் பின்பக்கம் எட்டு பெரிய பேட்டரிக் கட்டை போட வேண்டும். எல்லோர் வீட்டிலும் லட்டு டப்பா அளவில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வந்துவிட்ட காலம் அது. எங்கள் வீட்டில் மட்டும் இது உட்கார்ந்திருந்தது, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி, நகரவே நகராமல்.

ஒருமுறை செட்டுக்குள் இருக்கும் பெல்ட் தேய்ந்துபோய் எல்லாப் பாட்டும் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் ஆனது. அத்தை அதைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினாள். தாம்பரம் போய்ச் சேரும்வரை யாரும் வேறு எதையும் பார்க்கவில்லை. "யக்கா, அதுக்கும் ஒரு சீட்டு போட்டுடவா?" என்றார் டிரைவர். எதிரே உட்கார்ந்திருந்த காலேஜ் பையன்கள் இரண்டு பேர் செட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பொத்தேரியில் காலேஜுக்குப் போனதும் எல்லோருக்கும் அனுப்புவார்களாம். ஒரு பெரியவர் மட்டும் ஸ்பீக்கர் வலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் இடம் வந்ததும் இறங்கிப் போனார். எனக்குப் பெருமையில் இருப்பே கொள்ளவில்லை.

மார்க்கெட் சந்தில் இருந்த மெக்கானிக் பெல்ட்டை மாற்றிவிட்டார். ஆனால் மூடியின் கொக்கி உடைந்திருப்பதைக் காட்டி, இதற்கு உதிரிபாகம் உலகத்திலேயே கிடைக்காது என்றார். மூடியைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் கேசட் சுற்றும். விட்டால் நின்றுவிடும். "கூடவே இருந்து பாத்துக்கணும்மா. இதை வெச்சிட்டு நீ அந்தாண்ட போவ முடியாது" என்றார். அத்தை அதற்குப் பழகிக்கொண்டாள். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அவள் கட்டை விரலுக்கு மட்டுமே தெரிந்தது. நான் அழுத்தினால் பாடாது, அப்பா அழுத்தினால் கேசட் மாட்டிக்கொள்ளும்.

அந்த வருஷம்தான் பெரிய அத்தையின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. பெரிய அத்தை அப்பாவின் அக்கா. ஆகவே அப்பா தாய்மாமன். எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் வரை, மாமன் சீர் ஊர்வலமாகப் போக வேண்டும். முன்னால் பேண்ட் செட், பின்னால் இருபத்தொரு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பெண்கள்.

யார் எந்தத் தட்டைத் தூக்குவது என்று முடிவு செய்யும் அதிகாரம் கீழ்க்கட்டளைப் பெரியம்மாவுக்கு உண்டு. அப்பாவின் அண்ணி. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் அவர் வந்து இறங்கினால்தான் அடுப்பே பற்றும். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் தட்டுகளைப் பரப்பி வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அம்மாவுக்குப் பட்டுப்புடவைத் தட்டு. எனக்குக்கூடக் கல்கண்டுத் தட்டு கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு, மாடியில் குடியிருந்த டீச்சருக்கு, பால் ஊற்றும் அம்மாவின் மருமகளுக்கு என்று இருபத்தொன்றும் தீர்ந்தன. அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மா அவள் பக்கம் திரும்பி, ரொம்பப் பாசமாக, "நீ வூட்டைப் பாத்துக்கோம்மா. எல்லாரும் போய்ட்டா வூடு தொறந்து கெடக்குது பாரு" என்றார்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பூட்டு உண்டு. புருஷனை விட்டு வந்தவள் கையில் சீர்த்தட்டு கொடுக்க மாட்டார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், அவ்வளவுதான். விழா நடந்தது அவள் கூடப் பிறந்த அக்காவின் மகளுக்கு. அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டித் தூக்கி வளர்த்ததில் அத்தைக்கும் பங்கு உண்டு. இதை எழுதும்போது எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அத்தைக்கு வீட்டில் டிவி பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் பிள்ளையார் கோயில் வாசலில் நின்றுவிட்டோம். பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் சீர் மண்டபத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அப்பா மாலை போட்டுக்கொண்டு, வியர்வையும் மாலையுமாக நின்றார். பேண்ட் செட்டைக் காணோம். அன்று நல்ல முகூர்த்த நாள். காலையில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். போன் போட்டால், "வண்டி கேம்ப் ரோடு சிக்னலாண்டயே நிக்குதுண்ணா" என்றான் பேண்ட் மாஸ்டர். பதினொன்றேகாலுக்கும் அங்கேயே நின்றது.

சத்தமில்லாமல் மாமன் சீர் போவதா? பெரியம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னாடா இது பேஜாரு! எழவு வூட்டுக்குப் போற மாதிரி கம்முனு போனா அந்தப் பொண்ணு காலத்துக்கும் சொல்லிக் காட்டாதா?" ஒரு சித்தப்பா தன் போனில் நாதஸ்வரம் வைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் போன தண்ணீர் லாரிச் சத்தத்தில் அது கொசு பாடியதுபோல் கேட்டது.

"அத்தையோட செட்டு இருக்கே!" என்று கத்தினேன். எல்லோரும் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அப்பா, தானே ஓடிப்போய்த் தூக்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். அதுவரை பெண்கள் வரிசையில் நின்ற அம்மா, புடவைத் தட்டோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாலை போட்ட மாமன் சீரை வுட்டுட்டு வூட்டுக்குத் திரும்பக் கூடாதுங்க" என்றாள். பெரியம்மாவின் பக்கம் திரும்பி, "இல்லீங்களாக்கா?" என்று கேட்டாள். சாஸ்திரம் பெரியம்மாவின் சொத்து. இல்லை என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? தலையை ஆட்டினார். அம்மா என் தட்டை வாங்கித் தன் தட்டின் மேல் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "அத்தையாண்ட சொல்லு. செட்டை அவளே தூக்கினு வரணும். வேற யாரு தொட்டாலும் பாடாது" என்றாள்.

நான் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கதவைத் தட்டியதும் அத்தை திறந்தாள். அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் பொட்டு. நல்ல வேளை, புடவை மாற்றுகிறேன் பேர்வழி என்று நேரத்தை வீணாக்க மாட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "பெரியம்மா இருக்கும்போதா அம்மா சொன்னாங்க?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை.

என்னைப் பேட்டரிக்கு விரட்டினாள். அண்ணாச்சி கடையில் தூசி தட்டித் தேடியதில் ஆறு கட்டை கிடைத்தது. மீதி இரண்டை அப்பாவின் டார்ச்சிலிருந்து பிடுங்கினேன். எட்டையும் நானே செட்டுக்குள் திணித்தேன். அத்தை எங்கள் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வந்தாள். அவளுடைய கல்யாணத்தன்று வாசலில் போடுவதற்காக வாங்கிய நாதஸ்வர கேசட். பாதி ஓடி நின்றிருந்தது. சுற்றி வைக்க நேரமில்லை.

கோயில் வாசலில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அத்தை செட்டை, லாரித் தண்ணீர்க் குடத்தை வைப்பதுபோல இடுப்பில் வைத்து இடது கையால் அணைத்துக்கொண்டாள். வலது கைக் கட்டை விரலால் மூடியை அழுத்தினாள். சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊகும். பெரியம்மா, "நான் அப்பவே நெனச்சேன்" என்று ஆரம்பித்தார். அத்தை செட்டைக் கோயில் படியில் வைத்து, பின்பக்கத்தைத் திறந்து, தலைகீழாகக் கிடந்த ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டாள். அதைப் போட்டது யார் என்று அவள் கேட்கவில்லை. நான் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அழுத்தலில் மேளம் இறங்கியது பாருங்கள், கோயில் புறா எல்லாம் பறந்தது! அத்தை முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் மாலையோடு அப்பா, அப்பாவுக்குப் பின்னால் இருபத்தொரு தட்டுகள். நான் ஏரியலைப் பிடித்துக்கொண்டு அத்தையின் பக்கத்தில் நடந்தேன். அதற்கு அவசியமே இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பிரஷ்ஷோடு கேட் வரை வந்தார். பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு போன் முளைத்தது. "யம்மாடி, இன்னா சவுண்டு!" என்றார் கறிக்கடைக்காரர். மெயின் ரோட்டில் டிராபிக் போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பக்க வண்டியையும் கையாலேயே நிறுத்தினார்.

சரியாக நடு ரோட்டில், 'டொக்' என்று கேசட் தீர்ந்துபோனது.

இருபத்தொரு தட்டும் அப்படியே நின்றன. இரண்டு பக்கமும் ஹாரன். அத்தை அலட்டிக்கொள்ளாமல் மூடியைத் திறந்து, கேசட்டைத் திருப்பிப் போட்டு, அழுத்தினாள். கேசட்டின் மறுபக்கத்தில் என்ன இருந்தது என்பதை அவள் மறந்துவிட்டாளா, மறக்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு, மங்கல இசைக்கு மேலேயே ரேடியோவிலிருந்து பிடித்து வைத்த குத்துப் பாட்டுகள் அதில் இருந்தன. முதல் அடி விழுந்ததுமே ஷேர் ஆட்டோ டிரைவர்கள் இறங்கிவிட்டார்கள். சித்தப்பா துண்டை வாயில் கவ்விக்கொண்டார். மாடி டீச்சர் வளையல் தட்டோடு ஆடினார். கடைசியில் பெரியம்மாவின் தோளும் ஆடியது. அவர் தட்டிலிருந்து ஓர் ஆப்பிள் உருண்டு பஸ்ஸுக்கு அடியில் போக, ஒரு டிரைவர் அதைத் துரத்திப் பிடித்துச் சட்டையில் துடைத்து, ஆடிக்கொண்டே தட்டில் திருப்பி வைத்தார்.

மண்டபத்து வாசலை அடைந்தபோது எமகண்டத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பேண்ட் செட் வருமென்று எதிர்பார்த்து வாசலில் நின்றிருந்த பெரிய அத்தை, சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமச் சிமிழோடும் முன்னால் வந்தாள். ஊர்வலத்தில் முதலில் வருகிறவருக்குத்தான் முதல் குங்குமம். முதலில் வந்தவளுக்கோ இரண்டு கையும் ஒழியவில்லை. ஒன்று செட்டைத் தாங்கியிருந்தது, இன்னொன்று மூடியில் இருந்தது. சிமிழை நீட்டினால் எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய அத்தை ஒரு கணம் தங்கையைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தன் விரலால் அவள் நெற்றியில் குங்குமத்தை வைத்தாள். வகிட்டிலும் வைத்தாள். கன்னத்தில் சந்தனம் தடவினாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் கை இல்லை. செட்டு பயங்கர கனம், பாவம், கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, அடியில் என் கையையும் கொடுத்தேன்.

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தச் சீர் போனாலும் அத்தையும் செட்டும்தான் முன்னால் போகிறார்கள். பேண்ட் செட் வந்தால் அதற்கும் முன்னால். போன மாதம் கீழ்க்கட்டளையில் பெரியம்மாவின் பேத்திக்கு நடந்த விழாவுக்கு, பத்து நாள் முன்பே எட்டு கட்டை வாங்கி அனுப்பியவர் பெரியம்மாதான்.

மாமன் சீரைக் காப்பாற்றியது நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் பல நாள் சொல்லித் திரிந்தேன். செட்டைச் சொன்னேன், பேட்டரியைச் சொன்னேன், போலீஸ்காரர் ரோட்டை மறித்ததைச் சொன்னேன். கதவு திறந்ததும் கண்ட அரக்குப் பட்டையும் தலை நிறைந்த பூவையும்கூட ஒன்றுவிடாமல் சொன்னேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு யாராவது வீட்டைப் பார்த்துக்கொள்வார்களா என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.