இரண்டு பேருக்கு ஒரு கப்பல்

எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினான்கு. அந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் முன்னே இருந்த ஒரே பெரிய பிரச்சினை, இணையத்தில் எந்தக் கடற்கொள்ளையர் விளையாட்டில் சேர்வது என்பதுதான். அப்பாவும் அம்மாவும் அறைக்குள் வேறு ஏதோ பிரச்சினையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த குரலில் பேசியதால், அது எங்களுடையதைப் போல அவ்வளவு முக்கியமாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று விளையாட்டுகளைப் பார்த்து வைத்திருந்தோம். முதலாவதில் ஆளுக்கொரு கப்பல். பீரங்கியால் அடுத்தவன் கப்பலை மூழ்கடித்துப் புதையலை அள்ளலாம். இரண்டாவதில் தீவு தீவாகப் போய் மிளகும் பட்டும் விற்கவேண்டும். கடை நடத்தவா கொள்ளைக்காரர்கள் ஆகிறோம் என்று அதை உடனே தள்ளிவிட்டோம். மூன்றாவதில் இரண்டு பேருக்கு ஒரே கப்பல். ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் காற்றைப் பார்த்துப் பாயை இழுத்துக் கட்டவேண்டும். நங்கூரத்தைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

எனக்கு முதலாவதுதான் பிடித்தது. அண்ணனுக்கும் அதுதான் என்று நம்பினேன். பீரங்கி வெடிக்கும் சத்தத்தை நாள் முழுக்க வாயாலேயே எழுப்பிக்கொண்டிருந்தவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களை லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனாள். தோசை வந்த பிறகு, ஜனவரியிலிருந்து அண்ணன் அப்பாவோடு பாசிர் ரிஸ்ஸில் வேறொரு வீட்டில் இருப்பான், நானும் அவளும் இப்போதிருக்கும் பொங்கோல் வீட்டிலேயே இருப்போம் என்றாள்.

"அங்கேர்ந்து அண்ணன் ஸ்கூல் பக்கம்லா" என்றாள்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "அப்போ ரூம் முழுசா எனக்கா?" என்று கேட்டேன். அம்மா தலையாட்டிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனாள். இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. திரும்பி வர வெகு நேரமாயிற்று.

அண்ணன் தோசையைப் பார்த்தபடியே, "ஏய், அந்த மூணாவது கேம் எடுப்போம்" என்றான்.

"அது போரிங்லா! சண்டையே இல்ல."

"கிராஃபிக்ஸ் நல்லாருக்கு."

"அப்போ நான்தான் கேப்டன்."

"சரி, நீயே இரு."

எதையும் விட்டுக்கொடுக்காதவன் இவ்வளவு எளிதாக இறங்கி வந்ததில் எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை; என் பேச்சுத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பாவும் அண்ணனும் போனபிறகு, தினமும் மாலை ஆறு மணிக்கு இருவரும் கப்பலில் சந்தித்தோம். நான் பாறை பாறையாக மோதுவேன். ஹெட்போனில் "லெஃப்ட்லா, லெஃப்ட்!" என்று அவன் குரல் கேட்கும். பிறகு திட்டாமல் ஓட்டையை அடைப்பான்.

ஒருநாள் தோழியின் பிறந்தநாள் விருந்துக்குப் போய்விட்டேன். அவனிடம் சொல்ல மறந்திருந்தேன். ஏழரைக்கு வந்து பார்த்தால், கப்பல் துறையிலேயே நின்றது. பாய்மரத்தடியில் அவன் உருவம்.

"எப்ப வந்த?"

"ஆறு மணிக்கு."

"இவ்வளவு நேரம் என்ன செஞ்ச?"

"சும்மா நின்னேன்."

"அந்தச் சண்டை கேம் போட்டிருக்கலாம்ல?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "நாளைக்கு வருவ தானே?" என்று கேட்டான்.

"வருவேன்லா" என்று சலித்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய பையனுக்குத் தனியாக விளையாடத் தெரியவில்லையே என்று அவனுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொண்டு, சுக்கானைப் பிடித்தேன்.