சேசு பாலனின் பாசி மெத்தை

செடி நர்சரியில் வந்திறங்கிய நாற்றுப் பெட்டியைத் திறந்ததும் ஈரப்பாசி வாசனை வந்தது. வரதராசன்பேட்டையில், இப்போது டைல்ஸ் பதித்துவிட்ட எங்கள் பாத்ரூம் பின்சுவர் ஓரத்துக்கே நினைவில் போய்விட்டேன். கிறிஸ்துமஸ் குடிலில் விரிப்பதற்காக அக்கா அங்கே பாசி வளர்ப்பாள், அரிசி களைந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மெல்லத் தெளித்து, வெயில் ஏறினால் ஈரச்சாக்கு போர்த்தி, தொட வரும் என் கையைத் தட்டிவிட்டு. யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று தென்னந்துடைப்பத்தோடு வரும் அம்மாவிடம், "அந்த மூலைய மட்டும் வுட்டுரும்மா, சேசு பாலன் எதுல படுப்பாரு?" என்பாள்.

"வைக்கோல்ல படுத்தவருதானடி!" என்று அம்மா பாதியையாவது தேய்த்துவிட்டுத்தான் போவாள்.

அக்கா கல்யாணமாகிப் போன வருஷம், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அந்த மூலையில் குந்தியிருந்தாள் அம்மா, உள்ளங்கையில் அரிசி களைந்த தண்ணீரோடு.