திட்ட வந்தவள்

சிசிலியில் எங்கள் தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருந்தவள் கலோஜெரா. கல்யாணம் ஆகவில்லை. விடியும் முன்பே அடுப்பு மூட்டுவாள். அவள் எள் தூவிச் சுடும் ரொட்டிக்கு மேல்தெருவிலிருந்தும் ஆள் வரும்.

ஒரு ஈஸ்டர் வாரத்தில், திருட்டு மாட்டுக் கறியை விற்கலாம் என்று முத்திரை குத்த மறுத்த கால்நடை மருத்துவரை அவள் கடை வாசலிலேயே சுட்டுப் போட்டார்கள். தெருவில் அத்தனை பேர் இருந்தும், போலீஸ் கேட்டபோது ஒருவரும் எதையும் பார்த்திருக்கவில்லை. கலோஜெரா மட்டும் நீதிபதி முன்னால் போய் நின்றாள்.

"சுட்டது கஸ்பாரே. சாந்தினா மகன். எங்கிட்ட ரொட்டி வாங்கித் தின்னு வளந்த புள்ள, எனக்கு அடையாளம் தெரியாதா?"

கஸ்பாரே ஆயுள் தண்டனையில் உள்ளே போனான். அவனை ஏவிவிட்டவர்கள் வழக்கம்போலச் சதுக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

அவள் கடையை யாரும் கொளுத்தவில்லை, மிரட்டவுமில்லை. ரொட்டி வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகும். எதிர்வீட்டிலிருந்த சொந்தத் தங்கையே, "உனக்கென்னக்கா, ஒண்டிக்கட்டை. எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் அவளும் பேசவில்லை.

கடைக்குள் வந்தது கஸ்பாரேயின் அம்மா சாந்தினா ஒருத்திதான். சனிக்கிழமைதோறும் கறுப்பு உடுத்தி வந்து நிற்பாள்.

"இன்னும் சாகலையாடி நீ?"

"இன்னும் இல்ல."

"உன் நாக்கு அழுகிப் போக! ஊரே வாயப் பொத்திக்கிட்டு இருந்தப்ப உனக்கு மட்டும் என்னடி வந்துது?"

திட்டித் தீர்த்துவிட்டுப் போவாள். போகப்போக, சனிக்கிழமை என்றால் கலோஜெரா தலைவாரிக் காத்திருக்க ஆரம்பித்தாள். வாரம் முழுக்க அவளைப் பார்த்துப் பேசிய குரல் அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை சாந்தினா வரவில்லை. அடுத்த வாரமும் காணோம். கலோஜெரா ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனாள். சாந்தினா கட்டிலோடு கிடந்தாள்.

"விஷம் வச்சுக் கொண்டாந்தியா?"

"விஷம் இருந்தா நான்ல மொதல்ல தின்னிருப்பேன்."

சாந்தினா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு. இன்னிக்குத் திட்டத் தெம்பில்ல. என் மகன் எப்படி இருக்கான்னு ஊர்ல ஒருத்தரும் கேக்கறதில்ல. அவன் பேரச் சொல்றதே நாம ரெண்டு பேருதான்."

இருட்டும்வரை கஸ்பாரேயின் சின்ன வயதுச் சேட்டைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திராட்சை அறுவடைக்கு முன்பே சாந்தினா போய்ச் சேர்ந்தாள். சவ ஊர்வலத்தின் கடைசியில் கலோஜெரா தனியாக நடந்தாள். குளிர்காலத்தில் கடையை மூடிவிட்டு, கத்தானியா நகரத்தில் ஒரு அறை பிடித்துப் போய்விட்டாள். அங்கே பக்கத்து அறைக்காரி நாள் முழுக்க வந்து பேசுவாளாம். கலோஜெரா தலையை ஆட்டியபடி உட்கார்ந்திருப்பாளாம், பதிலுக்கு வாய் வராமல்.