உதறாத சட்டை

அந்த வீட்டில் எந்த டப்பாவும் தன் பெயருக்கு உண்மையாக இருந்ததில்லை. ஷாம்பு பாட்டிலில் பாத்திர சோப்பு, காபித்தூள் டப்பாவில் சமையல் சோடா, ஜாம் பாட்டிலில் ஆணி. எதில் எது என்பது ஒருத்தியின் தலைக்குள் மட்டுமே இருந்தது. போன மாதம் ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

பஸ் பணிமனையில் மெக்கானிக்கான அவள் கணவர், அந்த வாரமே ஒரு விடியற்காலை விளக்குப் போடாமல், வெந்நீரில் சோடாவைப் போட்டுக் காபி என்று கலக்கினார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் துப்பவில்லை, முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

கீறல் விழுந்த கடிகாரக் கண்ணாடியைப் பற்பசையால் தேய்த்துப் புதிதாக்கியவள் அவள். முரண்டுபிடிக்கும் மேசை இழுப்பறைக்கு மெழுகுவத்தித் துண்டு, ஜன்னலுக்குப் பழைய செய்தித்தாள். தேய்ந்துபோன பல் பிரஷ் அவளுக்கு மூன்றாவது கை. பக்கத்து வீட்டுக்காரி 'கஞ்சராணி' என்றே கூப்பிடுவாள். இவளும் "என்னடி?" என்று திரும்புவாள்.

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அவர் ரோஜா மணக்கும் பவுடர் வாங்கிவருவார். அதை அவள் முகத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எறும்புக்குத் தூவவா வாங்கிட்டு வர்றேன்? மூஞ்சில போடுடி."

"அதான் கட்டிக்கிட்டீங்களே, இனிமே யாரை மயக்கணும்?"

ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த ரோஜா மணம் வரும். தெரியாமல் போட்டுக்கொள்கிறாள் என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

இப்போது அந்த மணம்தான் வேண்டியிருந்தது. அதற்குள் உதவிக்கு வந்த அவள் தங்கை, நல்லது செய்வதாக நினைத்து, அக்காவின் துணிகளையெல்லாம் துவைத்துவிட்டாள். துணிக்கு வாசனை தரும் திரவம் என்று அவள் ஊற்றிய பாட்டிலில் இருந்தது வினிகர். கொடியில் காய்ந்தவற்றில் ஒவ்வொன்றாக முகம் புதைத்துப் பார்த்தார் அவர். ஒன்றிலும் எதுவும் இல்லை.

"என்ன அத்தான் தேடுறீங்க?"

"காஞ்சிடுச்சான்னு பார்த்தேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "தப்புப் பண்ணிட்டேனா?"

"நீ என்னம்மா பண்ணுவ? பாட்டில்ல அப்படித்தானே எழுதியிருக்கு."

விடுப்பு முடிந்து மறுநாள் அவர் வேலைக்குப் போகவேண்டும். இஸ்திரி போட அவர் சட்டையைத் தேடிக் குளியலறை அலமாரியின் மேல்தட்டைத் துழாவிய தங்கை, அவருடைய நீலச் சட்டை ஒன்றை எடுத்துவந்தாள். காலர் முழுவதும் வெள்ளை படிந்திருந்தது.

"பூசணம் புடிச்சிருக்கு அத்தான்." உதறப்போனவள் கையை நிறுத்தினாள். "இல்ல, பவுடர். இது அக்கா வேலை. கிரீஸ் கறை மேல தூவி ராத்திரி முழுக்க விட்டுட்டா எண்ணெயை இழுத்துடும். காலைல பிரஷ்ஷால தட்டிட்டு அப்படியே போட்டுக்கலாம். எனக்கும் சொல்லிக் குடுத்திருக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் தூங்கிய பிறகு தூவி, எழுமுன் தட்டியிருக்கிறாள். கடைசியாகத் தூவியதைத் தட்டத்தான் அவளுக்குக் காலை விடியவில்லை.

சட்டையை வாங்கிக் காலரை முகத்தருகே கொண்டுபோனார். ரோஜா. இத்தனை வருஷமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகர்ந்தது தன் கழுத்தைத்தான்.

"கறை போயிருக்கும். தட்டிடவா அத்தான்?"

"வேணாம்மா."

பவுடர் உதிராமல் காலரை உள்பக்கமாக மடித்து, பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினார்.

மறுநாள் பணிமனையில், "அண்ணே, காலரெல்லாம் ஒரே கிரீஸ்" என்றார் கூட வேலை செய்பவர். "உங்க சட்டை எப்பவும் பளிச்சுன்னு இருக்குமே?"

"ஆமாப்பா, இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு அடியில் புகுந்துகொண்டார்.