தனபாலின் பதினெட்டு டிகிரி

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முதலில் செய்வது ஸ்வெட்டரின் மேல் பட்டனைப் போடுவது. இரண்டாவது, தனபாலைத் திட்டுவது. தை மாதக் காலையில் பனி கலைந்திருக்காது. அவன் அரைக்கைச் சட்டையோடு டீக்கடை முன்னால் நின்றுகொண்டு, "என்னப்பா சென்றாயா, இதுக்கே பல்லு கிட்டிப்போச்சா?" என்பான். நான் பேளுக்குறிச்சிக்காரன். இந்த மலையின் அடிவாரம்தான், ஆனால் அவனுக்கு அதுவே வெயில் காடு.

இதே மலையின் குண்டூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கும் இவன், சென்னையில் பதிமூன்று வருஷம் ஒரு டேட்டா சென்டரைக் குளிராக வைத்திருந்தவன். நான் அதே கட்டடத்தின் கேட்டில் செக்யூரிட்டி. இப்போது எனக்குச் சொந்தத் தோட்டம், மோட்டார், நிழல் எல்லாம் இருக்கிறது. இருந்தும் மனசு அடிக்கடி அந்த கேட்டில் போய் நின்றுகொள்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த வருஷங்கள் வேண்டும்.

நம் போனில் அனுப்பும் போட்டோவும் பேங்க் விவரமும் எங்கேயோ ஒரு மெஷினுக்குள் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட மெஷின்கள் ஆயிரக்கணக்கில், ஆள் உயர அலமாரிகளில் அடுக்கிய இடம் அது. சதா சூடு கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை இறக்கக் குளிரூட்டும் மெஷின்கள், அந்த மெஷின்களின் சூட்டை இறக்க மொட்டை மாடியில் தண்ணீர் வழியும் டவர்கள். டவருக்குத் தண்ணீர் லாரியில் வரும். வரும் லாரியை நோட்டில் எழுதுவது என் வேலை.

தனபால் ஐடிஐ முடித்த ஏசி மெக்கானிக். சித்திரையில் வந்து சேர்ந்தான். மூன்றே நாளில் முதுகெல்லாம் வேர்க்குரு, பெட்டியைக் கட்டிவிட்டான். அன்றைக்கு மெஷின் அலமாரிகள் நிற்கும் ஹாலுக்குள் ஏதோ ரிப்பேர் என்று அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். தரையில் ஓட்டை போட்ட தகடுகள் இருக்கும், அதன் வழியாகத்தான் குளிர்காற்று மேலே வரும். அதன்மேல் ஏறி நின்றான். கண்ணை மூடினான். "சென்றாயா, இது எங்க ஊரு கார்த்திகைக் காத்துப்பா" என்றான். பெட்டியைப் பிரித்துவிட்டான்.

சில வருஷத்தில் குளிரூட்டும் பிளான்ட் முழுக்க அவன் பொறுப்பில் வந்தது. பதினெட்டிலிருந்து இருபத்தேழு டிகிரி வரைக்கும் வைக்கலாம் என்று விதி. முன்பிருந்தவர் இருபத்துநாலில் வைத்திருந்தார். இவன் பதினெட்டுக்கு இறக்கினான். யாரும் கேட்கவில்லை. பார்வையிட வந்த பெரிய மனிதர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு, பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டு வேளையில் ஏதாவது சாக்குச் சொல்லி நானும் ஜெர்கினை மாட்டிக்கொண்டு உள்ளே போவேன். ஓட்டைத் தகட்டின்மேல் நின்றபடி அவன் ஊர்க்கதை சொல்லுவான். சாமை அறுப்பு, விடிந்தும் எதிர் ஊடு தெரியாத பனி, அவன் அம்மா கண்ணாயி பலாக்கொட்டை சுடும் வாசனை. அந்த அரை மணி நேரத்துக்காகவே மீதி நாளை ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஹாலைத் துடைக்க வரும் அம்சவேணி தினமும் தாமதமாக வர ஆரம்பித்தாள். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால்தான் அவள் தெரு. கேட்டில் நிறுத்தி நான் கண்டபடி பேசினேன். "தண்ணி லைன்லண்ணா. போர் எல்லாம் வத்திப்போச்சு" என்றாள். எங்கள் லாரிகள் ரொம்புவதும் அந்தத் தெருவை ஒட்டிய வயல்கிணற்றில்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பேசினேன்.

ஒரு மத்தியானம் நாங்கள் வழக்கம்போல் நின்றிருந்தோம். புடவைமேல் ஸ்வெட்டரும் காதில் துண்டுமாக அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "அண்ணா, இந்த மெஷினுக்கு இவ்ளோ குளிரு வேணுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இருபத்தாறுலயும் ஓடும்" என்றான் தனபால்.

"அப்ப யாருக்கு?"

குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்குக்கூட நிற்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். தனபால் தகட்டிலிருந்து இறங்கினான்.

சாயங்காலம் கேட்டுக்கு வந்து பழைய லாரி நோட்டுகளைக் கேட்டான். பதினெட்டுக்கு இறக்குவதற்கு முன்னால் நாளுக்குப் பன்னிரண்டு லாரி. இறக்கியபின் இரண்டாவது குளிரூட்டும் மெஷினும் அதற்கொரு டவரும் ஓட வேண்டியிருந்தது, பதினாலு லாரி. "படிச்சவன்தானே நீ, தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஒரு மெஷினு ஓடுனா எவ்வளவு தண்ணி போகும்னு கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். குளிருக்குத் தண்ணி செலவாகும்னு மட்டும் தோணவே இல்லப்பா. மலையில அது சும்மாதானே வருது" என்றான்.

"கமுக்கமா டிகிரிய ஏத்தி விட்டுரு. வெளிய சொன்னா வேலை போயிரும்" என்றேன். அம்மாவின் வைத்தியம் அவன் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கேட்கவில்லை. நாளைக்கே இன்னொருத்தன் வந்து இறக்கினால் என்ன செய்வது, காகிதத்தில் உத்தரவு வேண்டும் என்றான். மறுநாள் மேனேஜர் வித்யாஸ்ரீயின் அறைக்குப் போனான். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"பதினெட்டுல வெச்சது நாந்தானுங்க."

"யாரு வைக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. ஊரு ஞாபகமுங்க."

அன்றைக்கே இரண்டு காகிதம் வந்தது. ஒன்று, இனி இருபத்தைந்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்ற உத்தரவு. இன்னொன்று தனபாலுக்கு எச்சரிக்கை, இன்னொரு தரம் நடந்தால் வேலை கிடையாது. ஒரு மெஷின் நின்றது, ஒரு டவர் காய்ந்தது, வாரத்துக்குள் லாரி பன்னிரண்டானது. மிச்சமான இரண்டில் ஒன்றை அம்சவேணியின் தெருத்தொட்டியில் ஊற்ற வித்யாஸ்ரீ ஏற்பாடு செய்தார். இன்னொன்று கிணற்றிலேயே கிடக்கட்டும் என்றார். தெருவின் பஞ்சம் தீர்ந்ததென்றால் அது பொய். அம்சவேணி நேரத்துக்கு வந்தாள், அவ்வளவுதான்.

அதற்குப்பின் ஐந்து வருஷம் தனபால் அந்த ஹாலில் சட்டை நனைய வேலை பார்த்தான். ஓட்டைத் தகட்டின்மேல் ஒருநாளும் நிற்கவில்லை. ஊர்க்கதையும் நின்றுபோனது. அவன் செய்தது சரி என்று தெரிந்தும் எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது. எனக்கு அந்த அரை மணி நேரம் போச்சு.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று வேலையை விட்டான். கடைசி நாள் வித்யாஸ்ரீ ஹாலுக்கே வந்தார். "உங்க பழைய பதினெட்டை ஒரே ஒரு மணி நேரம் வெச்சுக்குங்கண்ணா. நான் எழுதித் தரேன்" என்றார். வை என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் டிகிரி வைக்கும் பட்டனைத் தொட்டுப் பார்த்தான். மூலையில் அம்சவேணி துடைத்துக்கொண்டிருந்தாள், ஸ்வெட்டர் இல்லாமல்.

"வேண்டாமுங்க. தையில ஊருல கெடைக்கும்" என்று கையை எடுத்துக்கொண்டான்.

அந்தத் தைக்குத்தான் வருஷா வருஷம் மலை ஏறுகிறேன். இந்த வருஷமும் அவன் ஊட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் முன்னால் என்னை நிறுத்தினான். பதினெட்டு. அவன் கண்ணை மூடுவான் என்று பார்த்தால், போனை எடுத்தான். பொங்கலுக்கு அம்சவேணிதானே உனக்குப் போன் பண்ணணும், நீ ஏன் அவளுக்குப் பண்றே என்றேன். காதில் வாங்கவில்லை.

"தண்ணி வருதாம்மா?" என்று கேட்டான்.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருதுண்ணா. அங்க குளிரா?"

"குளிருதும்மா" என்றான்.

போனை வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினான். பக்கத்தில் நின்ற நான் ஸ்வெட்டரின் மேல் பட்டனைக் கழற்றினேன். பல் கிட்டிப்போனது. பரவாயில்லை என்று நின்றேன்.