பழகு விமானம்

பக்கத்து ஊரான டீட்டிகோனிலிருந்து காலை ரயிலில் வருவார். நான் ரிக்கற் கொடுக்கும் விமான அருங்காட்சியகத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. மெலிந்த மனிதர். காதை மூடிய கம்பளித் தொப்பியைக் கோடையிலும் கழற்றமாட்டார்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் விமானிகளைப் பழக்கிய, கூரையில்லாத சின்ன விமானம் ஒன்று அங்கே நிற்கிறது. தூசு துடைக்க ஏறும் அவர், துடைத்து முடித்ததும் பின்னிருக்கையில் அமர்ந்து, பட்டியை இறுக்கிக்கொண்டு, பத்து நிமிடம் கண்ணை மூடியிருப்பார்.

“என்ன அண்ணை செய்யிறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ரொறன்ரோவில மகளுக்குக் கலியாணம், தங்கச்சி. ஊரை விட்டு இஞ்ச வந்த பிறகு நான் பிளேன் ஏறேல்லை, பயம். இது பழகிற விமானம் எண்டு பலகையில எழுதிக்கிடக்கு. அதுதான் பழகிறன்.”

“இதுக்குள்ள எஞ்சினே இல்லையே அண்ணை.”

“ஓம், முதல் பாடம் அப்பிடித்தானே இருக்கும்.”

மூன்று மாதம் பழகிவிட்டுப் போனார். லீவு முடிந்து இரண்டு கிழமையாகியும் ஆளைக் காணவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். நான் ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தேன்.

“போறதுக்குத்தான் பழகினனான், தங்கச்சி. வாறதுக்குப் பழகேல்லை. கனடாவில எங்கயும் அப்பிடி ஒண்டு நிக்குதோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.”

தேடிப் பார்த்தேன். ஒன்று நிற்கிறது. ஆனால் அந்த ஊர் நாட்டின் மறுகரையில்; ரொறன்ரோவிலிருந்து விமானத்தில்தான் போகவேண்டும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.